பி.பி.யும் சிறுநீரகமும்: எந்த அறிகுறிக்கு எந்தக் குழாயைப் பார்ப்பது

வடசென்னையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். விடியற்காலையில் உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ அறைக்குப் போய் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்ப்பது. ஒருவருக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் ஓட சுமார் 120 லிட்டர் சுத்தத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை வடிகட்டும் சவ்வான மெம்பரேனுக்கு முன்னால் அழுத்தம் இறங்கினால் தண்ணீர் வடியாது. கழிவு வால்வைக் கொஞ்சம் இறுக்கினால் அழுத்தம் ஏறும், வடிவதும் கூடும். வீட்டு ஆர்ஓவிலும் இதே கதைதான். கழிவுக் குழாயில் மெக்கானிக் 'எஃப்.ஆர்.' என்று சொல்லி ஒரு சின்னத் துண்டை மாற்றுவாரே, அது வெளியே போகும் பக்கத்தை இறுக்கிப் பிடிப்பதால்தான் மெம்பரேனில் அழுத்தம் நிற்கிறது.

சிறுநீரகத்தின் வடிகட்டியும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் குட்டி வடிகட்டிகள். ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் ரத்தம் வர ஒரு குழாய், வெளியே போக இன்னொரு குழாய். முன்குழாய், பின்குழாய் என்று வைத்துக்கொள்வோம். முன்குழாய் விரிந்தால் முடிச்சில் அழுத்தம் ஏறும், சுருங்கினால் இறங்கும். பின்குழாய் நேர்மாறு: சுருங்கினால் ஏறும், விரிந்தால் இறங்கும். நாள் முழுக்க இந்த இரண்டையும் திருகித் திருகித்தான் முடிச்சுக்குள் அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கிறது சிறுநீரகம்.

நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இங்கே வருகிறது. இதயம் அனுப்புவதில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலிருந்து ஒரு நாளைக்கு வடிவது சுமார் 180 லிட்டர். சிறுநீராக வெளியே போவதோ ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. எவ்வளவு உப்பைத் திருப்பி எடுப்பது, எவ்வளவை வெளியே விடுவது என்ற அந்தக் கணக்கில்தான் உங்கள் பி.பி. இருக்கிறது. பி.பி.யால் கிட்னி கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த பி.பி.யை நிர்ணயிப்பதே கிட்னிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழே உள்ளவை நீங்களே மாத்திரையை மாற்றிக்கொள்வதற்காக அல்ல. டாக்டரிடம் எதைக் காட்டுவது, எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்வதற்காக.

முதலில்: யோசிக்காமல் கிளம்ப வேண்டியவை

மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 120ஐத் தாண்டியிருக்கிறது, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலமிழப்பு, வலிப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். அரை நாளாகச் சிறுநீரே வரவில்லை என்றாலும், ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6ஐத் தாண்டியிருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. ஐந்தாம் மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு 140/90க்கு மேல் போய், தலைவலியோ முகவீக்கமோ இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், 'நாளைக்குப் பார்க்கலாம்' கூடாது.

அறிகுறி: வீட்டு மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் காட்டுகிறது

கிட்னியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அளக்கும் விதத்தைப் பாருங்கள். எங்கள் பிரிவுக்கு ஓர் அம்மா சொந்த மெஷினையே பையில் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் 170, இங்கே 140, எது பொய் என்று கேட்டார். வீட்டில் எப்படி எடுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினார். அது புஜத்தில் கயிறு மாதிரி இறுகியது. அதற்குக் கீழே பட்டையைச் சுற்றினார். கையைத் தொடைமேல் தொங்கப் போட்டார். பட்டன் அழுத்திவிட்டு என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கால்மேல் கால் வேண்டாம். சிறுநீர் முட்டினால் போய்விட்டு வந்து எடுங்கள். பட்டை வெறும் தோலில், இதய மட்டத்துக்கு. மேஜை இல்லையென்றால் தலையணை வைத்துக் கையை உயர்த்தலாம். குண்டான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். காலை, மாலை என்று ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதியைச் சராசரி பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85க்கு மேல் இருந்தால் அது உண்மையான ஏற்றம். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள்.

அறிகுறி: மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பி.பி. இறங்க மறுக்கிறது

பாதிப் பேருக்கு மேல் என்னிடம் கேட்பது இதுதான்.

முதல் சந்தேகம் உப்பு. எங்கள் பிரிவுக்கு வாரத்தில் மூன்று நாள் வருகிற ஓர் அண்ணன் ஒரு திங்கட்கிழமை எடை மெஷினில் ஏறினார். மூன்று கிலோ கூடியிருந்தது. பி.பி. 186.

"தம்பி, சத்தியமா தண்ணியே குடிக்கல."

"கல்யாணத்துக்குப் போனீங்களாண்ணே?"

"ஞாயித்துக்கிழம மச்சான் வீட்டுக் கல்யாணம். சாப்பாடுதான் சாப்ட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே போனது அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு. சலைன் பாட்டிலை நினைத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு. நம் ரத்தமும் கிட்டத்தட்ட அந்த உப்பு அளவில்தான் இருக்க வேண்டும். அதனால் உடம்பில் 9 கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால் அதோடு ஒரு லிட்டர் தண்ணீரும் தங்கியே தீரும். தாகம் எடுக்கும், ரசமோ மோரோ குழம்போ எதிலிருந்தாவது அந்தத் தண்ணீர் வந்து சேரும். அன்றைக்கு நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் எடுத்தோம். ஒவ்வொரு அரை மணிக்கும் பி.பி. எடுத்து எழுதுவேன்: 186, 178, 170... முடியும்போது 142. புதிதாக ஒரு மாத்திரையும் தரவில்லை, உப்பையும் தண்ணீரையும் எடுத்ததுதான் வைத்தியம்.

நல்ல சிறுநீரகம் இதையே தானாகச் செய்யும். பி.பி. கொஞ்சம் ஏறியதும் கூடுதல் உப்பை வெளியே தள்ளி, பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடும். நாள்பட்ட ரத்த அழுத்தம் என்றாலே, அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு முன்பைவிட அதிக அழுத்தம் தேவைப்படுகிறது என்று பொருள். உடலியல் அறிஞர் ஆர்தர் கைட்டன் இதைத்தான் விடாமல் வாதாடினார்.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். ஆனால் சமையலில் போடும் உப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் கணக்கு வராது. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், வடகம், பேக்கரி பிஸ்கட், பாக்கெட் மசாலா, இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் எல்லாம் கணக்கில் வரவேண்டும். வயிறு உப்புசத்துக்குத் தண்ணீரில் பொங்கவிட்டுக் குடிக்கிற பொடியிலும் உப்பில் இருக்கும் அதே சோடியம்தான்.

இரண்டாவது சந்தேகம் வலி மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்க' என்று வாங்கிப் போடுகிறோமே, அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் இருக்கும். முன்குழாயைத் திறந்துவைக்கச் சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. ஆரோக்கியமான இளைஞருக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. வயதானவருக்கு, இதயம் பலவீனமானவருக்கு, வெயிலில் வற்றிப்போனவருக்கு அதை நம்பித்தான் வடிகட்டியே ஓடுகிறது. இந்த மாத்திரைகள் அதை நிறுத்திவிடுகின்றன. முன்குழாய் சுருங்குகிறது, வடிவது குறைகிறது, உப்பு தங்குகிறது, பி.பி. ஏறுகிறது, பி.பி. மாத்திரையின் வேலையும் மங்குகிறது. மூட்டுவலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். பாராசிட்டமால் சொன்ன அளவுக்குள் என்றால் சிறுநீரகத்துக்கு எவ்வளவோ மேல். 'அது சாதாரண வலி மாத்திரைதானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் பெரிய சிக்கல்.

மூன்றாவது, மாத்திரை விட்டுப்போவது. யாரையும் குறை சொல்லவில்லை. மாசக் கடைசியில் ஸ்டிரிப் தீர்ந்துபோகும், அடுத்த சம்பளம் வரை தள்ளிப்போடுவோம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

இது எதுவும் இல்லை, மூன்று வகை மாத்திரை போட்டும் இறங்கவில்லை என்றால் டாக்டர் சிறுநீரகத்துக்குப் போகும் பெரிய தமனியையே பார்ப்பார். 1934ல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியில் ஒரு கவ்வியைப் போட்டு லேசாக இறுக்கினார். நாயின் பி.பி. ஏறி அப்படியே நின்றது. தமனி குறுகினால் சிறுநீரகத்துக்கு 'ரத்தமே வரவில்லை' என்று தோன்றுகிறது. உடனே ரெனின் என்ற பொருளை விடுகிறது. (ரெனினை 1898லேயே ஸ்டாக்ஹோமில் டீகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்துக் காட்டிவிட்டார்கள்.) ரெனினிலிருந்து ஆஞ்சியோடென்சின், அதிலிருந்து ஆல்டோஸ்டிரோன். ஒன்று குழாய்களை இறுக்குகிறது, இன்னொன்று உப்பைப் பிடித்துவைக்கிறது. கைக்குப் போகும் தமனியும் இப்படிக் குறுகியிருக்கலாம் என்பதால், முப்பது வயதுக்குள் பி.பி. வந்தவர்களுக்கு, முக்கியமாக இளம்பெண்களுக்கு, இரண்டு கையிலும் ஒரு தடவையாவது அளந்து பார்க்க வேண்டும். அளவில் பெரிய வித்தியாசம் இருந்தால் அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அறிகுறி: எழுந்தால் தலை சுற்றுகிறது, சிறுநீர் குறைவு, நிறம் அடர்த்தி

கத்திரி வெயிலில் அதிகம் பார்ப்பது இது. அல்லது இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்குப் பிறகு.

சராசரி அழுத்தம் 80லிருந்து 180 வரை எங்கே இருந்தாலும் சிறுநீரகம் வடிகட்டும் அளவை ஏறக்குறைய மாறாமல் வைத்துக்கொள்ளும். எப்படித் தெரிகிறது அதற்கு? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வடிகட்டியிலிருந்து கிளம்பும் நுண்குழாய் கீழே இறங்கி, வளைந்து, மேலே ஏறி, தான் புறப்பட்ட அதே முடிச்சின் வாசலுக்கே வந்து முன்குழாயை ஒட்டிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் உள்ள செல்கள் ஓடிவரும் நீரில் உப்பு எவ்வளவு என்று ருசி பார்க்கின்றன. உப்பு அதிகம் வந்தால் 'வேகமாக வடிகிறது' என்று முன்குழாயை இறுக்கும். குறைவாக வந்தால் முன்குழாயைத் தளர்த்தி, பக்கத்திலேயே இருக்கும் செல்களிலிருந்து ரெனினை விடச் சொல்லும். ரெனின் வழியாக வரும் ஆஞ்சியோடென்சின் பின்குழாயை இறுக்கும். முன்னால் திறந்து, பின்னால் இறுக்கி, குறைந்த ரத்தத்திலும் வடிகட்டியை ஓட்டுகிறது. அடுக்குமாடி வீட்டில் டேங்க் பாதி காலியாகும்போது நாம் செய்யும் எல்லாச் சாமர்த்தியத்தையும் அது ஒவ்வொரு முடிச்சிலும் செய்கிறது.

இப்போது, வற்றிப்போன உடம்பில் மூன்று மாத்திரை சேருகிறது என்று வையுங்கள். டெல்மிசார்டன் என்ற பி.பி. மாத்திரை பின்குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை இருக்கும் நீரையும் இறக்குகிறது. காய்ச்சல் உடம்பு வலிக்கு என்று போட்ட டைக்ளோஃபெனாக் முன்குழாயைச் சுருக்குகிறது. சிறுநீரகத்தின் எல்லாக் கையையும் கட்டிப்போட்ட மாதிரி. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் நாலே நாளில் எங்கள் பிரிவில் வந்து படுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் மனைவி மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டியபோது மூன்றும் ஒரே டப்பாவில் இருந்தன.

செய்ய வேண்டியது: வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்த நாளில் பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். இன்னும் நல்லது, உடம்பு நன்றாக இருக்கும்போதே அடுத்த விசிட்டில் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது. வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம். பேதிக்கு ஓஆர்எஸ், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீர், அதைவிடக் குறைவான தண்ணீரில் கரைக்காதீர்கள். ஏற்கெனவே சிறுநீரகமோ இதயமோ பழுதானவர்கள் எவ்வளவு குடிப்பது என்று கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

அறிகுறி: சிறுநீரில் நுரை, தண்ணீர் ஊற்றியும் அடங்கவில்லை

வேகமாகப் போனாலும் நுரைக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சரி. முட்டை வெள்ளைக்கருவை அடித்த மாதிரி அடுக்கடுக்காக நின்று, நாள் தவறாமல் வந்தால், அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிச்சுக்குள் அழுத்தம் வருடக்கணக்கில் மிஞ்சி இருந்தால் வடிகட்டியின் சல்லடை தளர்ந்துபோகும். சர்க்கரை நோயில் முன்குழாய் அகலத் திறந்தே கிடப்பதால் இது சீக்கிரமே தொடங்குகிறது, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதற்குப் பல வருடம் முன்பே.

கேட்க வேண்டிய டெஸ்ட்: சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். காலை முதல் சிறுநீர் கொடுத்தால் நல்லது. 30க்குக் கீழே நார்மல், 300க்கு மேல் கடும் கசிவு. சர்க்கரையோ பி.பி.யோ உள்ள ஒவ்வொருவரும், நுரை வந்தாலும் வராவிட்டாலும், வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும். சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீரையும் பி.பி.யையும் சோதிக்கவைத்து, மிக விலை குறைந்த மாத்திரைகளிலேயே வைத்தியம் செய்து காட்டினார். பெரிய கருவி எதுவும் இல்லாமல் இது முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அறிகுறி: வீக்கம்

கட்டை விரலால் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி நின்றால் நீர். காலையில் கண்ணைச் சுற்றி அதப்பாக இருந்து சிறுநீரும் நுரைத்தால் சிறுநீரகம். படுத்தால் மூச்சு வாங்கினால் இதயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பி.பி.க்கு அம்லோடிபின் போட ஆரம்பித்த பிறகு கணுக்கால் மட்டும் வீங்குகிறது என்றால் பெரும்பாலும் மாத்திரையின் விளைவு. அதற்கு நீர் மாத்திரை போட்டுப் பயனில்லை, வேறு மாத்திரை கேளுங்கள்.

அறிகுறி: புது பி.பி. மாத்திரைக்குப் பிறகு கிரியேட்டினின் ஏறிவிட்டது

'இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது' என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ராமிபிரில் எல்லாம் பின்குழாயைத் தளர்த்துகின்றன. கழிவு வால்வைத் திறந்தால் மெம்பரேனில் அழுத்தம் இறங்கி வடிவது குறையும் என்று பார்த்தோமே, அதேதான். வடிவது கொஞ்சம் குறைவதால் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். அந்த அழுத்தம் இறங்குவதற்காகத்தான் மாத்திரையே. சல்லடை பிழைக்கிறது, அல்புமின் கசிவு குறைகிறது. டாபாகிளிஃப்ளோசின் முன்குழாயை இறுக்கி இதே பலனைத் தருகிறது, அதிலும் ஆரம்பத்தில் சின்ன ஏற்றம் இருக்கும்.

கணக்கு இதுதான்: பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றால் பொதுவாக மாத்திரையைத் தொடர்வார்கள். 1.2 இருந்தது 1.5 ஆனால் பதற வேண்டாம், திரும்ப டெஸ்ட் எடுங்கள். 1.2 இருந்தது 2ஐத் தாண்டினால் உடனே டாக்டர். அப்போது உடம்பு வற்றியிருக்கலாம், கூட வலி மாத்திரை ஓடியிருக்கலாம், அல்லது இரண்டு பக்கத் தமனியும் குறுகியிருக்கலாம். அதனால் இந்த மாத்திரை தொடங்கினாலோ டோஸ் கூட்டினாலோ ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். மாத்திரைக்கு முன்பு எடுத்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அது இல்லாமல் எத்தனை சதவீதம் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

பொட்டாசியம் ஏன் என்றால், இந்த மாத்திரைகளால் ஆல்டோஸ்டிரோன் குறைகிறது, அது குறைந்தால் பொட்டாசியம் வெளியேறுவதும் குறையும். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம் என்றால் இளநீரில் கவனம் தேவை. வெயிலுக்கு இதமாக இருக்கும், வண்டிக்காரர் வழுக்கையும் வெட்டித் தருவார், ஆனால் அது பொட்டாசியம் நிறைந்த நீர். 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டில் இருப்பதிலும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. மற்றவர்களுக்கு நல்லது, இவர்களுக்கு ஆபத்து. பொட்டாசியம் மிஞ்சினால் வலி இருக்காது, எச்சரிக்கை இருக்காது, இதயத் துடிப்பில்தான் கை வைக்கும்.

அறிகுறி: ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது

வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட், சர்க்கரை கட்டுப்படாதது, மாலையில் போட்ட நீர் மாத்திரை, இவற்றை முதலில் பாருங்கள். பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பினாலும் இப்படி ஆகும். இவை எதுவும் இல்லையென்றால், சிறுநீரைச் சுண்டவைக்கும் திறன் சிறுநீரகத்துக்குக் குறைந்திருக்கலாம். இரண்டு நாள், ஒரு பழைய அளவுக் குவளையைக் கழிவறையில் வைத்துப் பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று எழுதுங்கள். பி.பி. எழுதிய அதே நோட்டில், அடுத்த பக்கத்தில். டாக்டர் முன்னால் உட்காரும்போது மாத்திரை டப்பாவையும் அந்த நோட்டையும் மேஜைமேல் வையுங்கள், வலிக்கு வாங்கிய பேர் தெரியாத ஸ்டிரிப் உட்பட.